மசாதா, என்கேதி, சாக்கடல்: வழிகாட்டியுடன் ஒரே நாளில் போய்வருவது பற்றி

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் என் கணவர் ஒரு கருத்தரங்குக்காக எருசலேம் செல்கிறார். நானும் என் பெற்றோரும் உடன் செல்கிறோம். எங்களுக்கு முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளில் வழிகாட்டியுடன் யூதேயப் பாலைவனத்துக்கும் சாக்கடலுக்கும் போய்வர எண்ணியிருக்கிறோம். நான் பார்த்த பயணத் திட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. காலை 7 மணிக்குப் புறப்பட்டு, பழஞ்சுவடிகள் கிடைத்த கும்ரான், மலைக்கோட்டையான மசாதா, அருவியுள்ள என்கேதி மூன்றையும் பார்த்துவிட்டு, பிற்பகலில் சாக்கடலில் மிதந்து, மாலை 6 மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். இத்தனையையும் ஒரே நாளில் நிறைவாகப் பார்க்க முடியுமா, எதையாவது விட்டுவிடுவது நல்லதா என்பதே என் முதன்மையான கேள்வி. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. அப்பா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்குள்ள ஏரியையும் மதகையும் தேடிப் போய்ப் பார்ப்பவர். இருவருக்கும் ஏற்ற நாளாக அது அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்பகுதியின் பாதுகாப்பு நிலவரத்தையும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையையும் நாங்கள் தனியே கவனித்துக்கொள்வோம். போய்வந்தவர்கள் இடங்களைப் பற்றிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கல்மண்டபம்

வணக்கம் சகோதரி. நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை ஒரு பெரிய குழுவோடு சென்றேன். மசாதா உச்சியில் எங்களுக்குக் கொடுத்தது 50 நிமிடம். அதில் பெரும்பகுதி வழிகாட்டி ஒரு நிழலில் நின்று கோட்டையின் கடைசி இரவைக் கதையாகச் சொல்வதிலேயே கழிந்தது. கதை முடிந்ததும் கீழே இறங்கும் இழுவைக்கூண்டுக்கு (கேபிள் கார்) வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். கோட்டையில் நான் கண்ணால் பார்த்தது மிகக் குறைவு. இரண்டாம் முறை நான்கு பேராகச் சேர்ந்து உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரைத் தனியே அமர்த்திக்கொண்டோம். கும்ரானை விட்டுவிட்டு மசாதாவில் மூன்று மணி நேரம் இருந்தோம். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

எருசலேமிலிருந்து மசாதாவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். முதலில் மசாதாவுக்கே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே இருக்க வேண்டும். கிழக்குச் சரிவில் 'பாம்புப் பாதை' என்ற ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. அதில் நடக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அம்மாவுக்கு அது வேண்டாம். இழுவைக்கூண்டு சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடும். உச்சி மேசைபோல் சமதளமாக இருக்கும், முக்கியமான இடங்களுக்குச் சக்கர நாற்காலி போகும் பாதையும் உண்டு. வடக்கு முனையில் மலைச்சரிவில் மூன்று அடுக்காகத் தொங்குகிற, யூதேய மன்னன் ஏரோதின் அரண்மனைக்கு மட்டும் நிறையப் படிகள் இறங்கி ஏற வேண்டும். அம்மா மேலடுக்கிலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

சுவர்களில் ஒரு கருப்புக் கோடு ஓடுவதைக் கவனியுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ளது அகழ்வில் கிடைத்தபடியே இருக்கும் பழைய கட்டுமானம், மேலே உள்ளது பிற்காலத்தில் எடுத்துக் கட்டியது. எது பழையது, எது நாம் சேர்த்தது என்று இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் எல்லாத் தொல்லியல் இடங்களிலும் இருக்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

உங்கள் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மசாதாவில் ஊற்று கிடையாது. ஆனாலும் அங்கே அரண்மனையும் குளியல் இல்லமும் இருந்தன. ஏரோதின் காலத்தவர்கள் மேற்கே உள்ள இரண்டு ஓடைகளில் தடுப்பணை கட்டி, எப்போதாவது பாய்ந்து வரும் காட்டாற்று வெள்ளத்தைக் கால்வாய் வழியே திருப்பி, வடமேற்குச் சரிவின் பாறையில் குடைந்த 12 தொட்டிகளில் நிரப்பினார்கள். அங்கிருந்து ஆட்களும் விலங்குகளும் உச்சியிலுள்ள தொட்டிகளுக்கு நீரைச் சுமந்தார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 40,000 கன மீட்டர் கொள்ளளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உச்சியின் தென்பகுதியில் உள்ள பெரிய தொட்டிக்குள் படி இறங்கிப் போகலாம். முற்றுகைக் கதையைவிட அந்தத் தொட்டிதான் என்னை அதிகம் ஆட்கொண்டது.

ஏட்டுச்சுவடி

கல்மண்டபம் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். கும்ரானை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாகாது என்பது மட்டும் என் கருத்து. அங்கே போகிறவர்கள் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் சாக்கடல் சுவடிகள் எனப்படும் பழைய யூதச் சமயச் சுவடிகளை அங்கே எதிர்பார்ப்பதுதான். 1947 வாக்கில் பெதுவின் மேய்ப்பர்கள் முதல் குகையைக் கண்டெடுத்தபின் 11 குகைகளிலிருந்து 900க்கும் மேற்பட்ட சுவடிகளின் பகுதிகள் கிடைத்தன. ஆனால் சுவடிகளைக் காண எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் சுவடி மண்டபத்துக்கே போக வேண்டும். கும்ரானில் இருப்பவை இடிந்த குடியிருப்பும், சடங்கு நீராடலுக்கான படிகள் கொண்ட தொட்டிகளும், பள்ளத்தாக்குக்கு அப்பால் கண்ணெதிரே தெரியும் நான்காம் குகையின் வாயும்தான். முதல் நாள் அருங்காட்சியகம், மறுநாள் கும்ரான் என்று பார்ப்பவருக்கு அந்த இடம் பேசும். நேரமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த இடம் 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரைக்குள் இருக்கிறது என்பதை வழிகாட்டிகள் பலர் சொல்வதில்லை. பயணி அதை அறிந்திருப்பது நல்லது.

மசாதாவின் கடைசி இரவைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வழிகாட்டியுடன் போவதன் நன்மையும் தீமையும் அங்கேதான் இருக்கின்றன. கி.பி. 73 அல்லது 74இல் ரோமானிய ஆளுநர் பிளாவியஸ் சில்வா பத்தாம் படையணியுடன், யூதக் கிளர்ச்சியாளர்கள் இருந்த மலையை முற்றுகையிட்டார், மேற்கே சாய்தளம் எழுப்பி மதிலை உடைத்தார், உள்ளே புகுந்தபோது 960 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டு கிடந்தனர், இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் மட்டுமே பிழைத்திருந்தனர் என்பது கதை. இந்தக் கதைக்குப் பழங்காலச் சான்று ஒருவர் எழுத்து மட்டுமே. அவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். முற்றுகையின்போது அவர் அங்கே இல்லை. ரோமானியருடன் சேர்ந்து ரோமில் வாழ்ந்துகொண்டு எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 67இல், யோதபாத்தா என்ற ஊரில் அவரே ஒரு குகையில் சிக்கி, உடனிருந்தவர்கள் சீட்டுப் போட்டு ஒருவரையொருவர் கொன்றபோது உயிர் தப்பியவர். மசாதா பற்றிய அவருடைய எழுத்திலும் அதே சீட்டு வருகிறது.

1963 முதல் 1965 வரை தொல்லியலாளர் யிகேல் யாதின் தலைமையில் அகழ்ந்தபோது பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் 'பென் யாயிர்' என்று இருந்தது. கோட்டைத் தலைவரின் பெயர் எலெயாசர் பென் யாயிர் என்பதால் இவைதாம் அந்தச் சீட்டுகள் என்று யாதின் கருதினார். பங்கீட்டுக்குப் பயன்பட்ட சாதாரணச் சீட்டுகளாகவும் இருக்கலாம் என்போர் பலர். 960 பேர் இறந்த இடத்தில் கிடைத்த மனித எலும்புகள் ஏறத்தாழ 30 பேருக்கும் குறைவானவை. இன்னொன்றையும் கேளுங்கள். மசாதாவில் இருந்த சிக்காரிகள் என்ற அந்தக் கிளர்ச்சிக் குழுவினர் பாஸ்கா பண்டிகையின்போது என்கேதி ஊருக்குள் புகுந்து 700க்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று எழுதியிருப்பவரும் இதே ஜோசபஸ்தான். ஒரு பக்கத்தை நம்பச் சொல்லும் வழிகாட்டி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் வழிகாட்டியிடம் என்கேதிப் படுகொலையைப் பற்றிக் கேளுங்கள். அவர் விடை சொல்லும் விதத்திலிருந்து அவரது தரம் தெரிந்துவிடும்.

கல்மண்டபம்

ஐயா, ஒரு வேறுபாட்டைப் பதிவு செய்கிறேன். கடைசி இரவு ஐயத்துக்குரியது என்பதை ஏற்கிறேன், முற்றுகை ஐயத்துக்குரியது அன்று. உச்சியின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். ரோமானியரின் எட்டு முகாம்கள் சதுரம் சதுரமாக, அப்போதுதான் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் விட்டுச்சென்றதுபோல் கிடக்கின்றன. அவற்றை இணைத்து மலையைச் சுற்றி ஓடும் முற்றுகைச் சுவர் சுமார் 4 கிலோமீட்டர். சாய்தளத்தில் இன்றும் மரக்கட்டைகளின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 2024இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சுவரை டிரோன் படங்களின் உதவியுடன் அளந்து, முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீடிக்கவில்லை, சில வாரங்களிலேயே முடிந்திருக்கும் என்று முடிவு கூறியிருக்கிறார்கள். வழிகாட்டி பழைய 'மூன்றாண்டு முற்றுகை' கதையைச் சொன்னால் இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

முல்லைநிலம்

போகும் வழியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் இலக்கணத்தில் பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து அடையும் நிலை. யூதேயப் பாலைவனத்தில் அந்தத் திரிபை ஒரு மணி நேரப் பயணத்தில் கண்ணாரக் காணலாம். எருசலேமில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகம் மலைமுகட்டிலேயே நீரை இறக்கிவிடுவதால், 30 கிலோமீட்டர் கிழக்கே சாக்கடல் கரையில் 100 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. சாலையோரத்தில் 'கடல்மட்டம்' என்று எழுதிய பலகை வரும். அதைத் தாண்டியும் வண்டி இறங்கிக்கொண்டே போகும். அம்மாவுக்குக் காது அடைக்கும், மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்கரை

இந்த இழையில் இதுவரை மூவர் எழுதிவிட்டீர்கள். எல்லோரும் கோட்டையையும் சுவடியையும் பேசினீர்களே தவிர, ஏரியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பயணத் திட்டங்களிலும் இதே குறைதான். காலையில் வரலாறு, மாலையில் குளியல் என்று பிரித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாளில் நீங்கள் பார்க்கப்போகும் இடங்களில் மிகப் பழையதும் மிக வேகமாக மாறிக்கொண்டிருப்பதும் அந்த உப்பேரிதான். மசாதா அடுத்த தலைமுறைக்கும் இப்படியே இருக்கும், ஏரி இப்படியே இருக்காது.

சாக்கடலின் நீர்மட்டம் இன்று உலகக் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது, வந்த நீர் ஆவியாவது ஒன்றே வழி. யோர்தான் ஆற்று நீரை இஸ்ரேல் 1964 முதல் தன் தேசியக் கால்வாயில் திருப்புகிறது. ஜோர்தானும் சிரியாவும் யார்முக் கிளையாற்று நீரை எடுத்துக்கொள்கின்றன. முன்பு ஏரிக்கு வந்த நீரில் இன்று சிறு பங்கே வந்து சேர்கிறது. அத்துடன் பொட்டாஷ் தொழிற்சாலைகள் ஏரி நீரை இறைத்து ஆவியாக்குகின்றன. பாசனத் துறையில் இருந்த உங்கள் அப்பாவுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

இறக்கத்தைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. கும்ரானுக்குச் சற்றுத் தெற்கே, 90ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய பாறையில், 1900இல் பாலஸ்தீன ஆய்வு நிதியத்தார் நீர்மட்டத்தை அளப்பதற்காக வெட்டிய ஒரு கோடும் அவர்களது பெயரின் மூன்று முதலெழுத்துகளும் (PEF) இருக்கின்றன. அன்று ஏரியில் படகில் இருந்தபடியே அந்தக் கோட்டிலிருந்து அளந்தார்கள். இன்று அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஏரி சாலைக்கு அப்பால், 40 மீட்டருக்கும் கீழே, எங்கோ தொலைவில் பளபளக்கிறது. பெரும்பாலான வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்து, எங்கே குளிப்பது என்ற கேள்வி. பழைய பயணக் குறிப்புகளில் என்கேதிக் கடற்கரை என்று இருக்கும். அது மூடப்பட்டுவிட்டது. ஏரி பின்வாங்கும்போது அதன் இடத்தில் நன்னீர் நிலத்தடியில் புகுந்து, புதைந்திருக்கும் உப்புப் படலத்தைக் கரைக்கிறது. கீழே வெற்றிடம் உண்டாகி, மேல்மண் திடீரென்று உள்வாங்குகிறது. கரையோரம் இப்படி ஆயிரக்கணக்கான குழிகள் உண்டாகிவிட்டன. பேரீச்சந்தோப்புகளும் பழைய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் கைவிடப்பட்டன. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் உள்ள இடத்தில் படம் எடுப்பதற்காகக்கூட ஓரடி உள்ளே போகாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய இடங்கள் இரண்டு. வடக்கே கும்ரானுக்கு அருகில் கலியா கடற்கரை இருக்கிறது. கட்டணம் உண்டு, கருஞ்சேறு கிடைக்கும், உண்மையான ஏரி அதுவே. ஆனால் நீர் விலகிக்கொண்டே போவதால் இறங்கி ஏறும் தொலைவு கூடியிருக்கிறது. தெற்கே மசாதாவைத் தாண்டி 'ஏன் போகேக்' என்ற விடுதிக் கடற்கரை இருக்கிறது. கட்டணம் இல்லை, மணல் இட்ட சமமான கரை, வெளியேறியதும் நன்னீர்க் குழாய்கள். அம்மாவுக்கு ஏன் போகேக்கே நல்லது. ஆயினும் அங்கே நீங்கள் மிதப்பது இயற்கையான ஏரியில் அன்று என்பதை அறிந்து மிதக்க வேண்டும். ஏரியின் தென்பகுதி சில பத்தாண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது. இப்போது அங்கிருப்பவை வடக்கிலிருந்து இறைத்த நீரைத் தேக்கிவைத்த ஆவியாக்கும் பாத்திகள். நம் தூத்துக்குடி உப்பளப் பாத்தியைப் பலநூறு மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். அடியில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு உப்புப் படிவதால் அந்தப் பாத்தியின் நீர்மட்டம் பல ஆண்டுகளாக ஏறிவந்தது. ஒரே ஏரியின் பெயரில் வடக்கே நீர் ஓடி ஒளிய, தெற்கே விடுதிகளின் வாசலுக்கு நீர் ஏறி வந்தது.

நீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நம் கடல்நீர்போல் கரிப்பதோடு நிற்பதில்லை, கசக்கவும் செய்யும். மக்னீசியம் குளோரைடு மிகுந்திருப்பதே காரணம். கையில் எடுத்து விரல்களைத் தேய்த்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நகக்கண்ணில் நமக்கே தெரியாத சிறு கீறல் இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று அந்த நீர் காட்டிக்கொடுத்துவிடும். மல்லாந்தே மிதக்க வேண்டும். குப்புறத் திரும்பினால் கால் தானாக மேலே எழும்பி முகம் நீருக்குள் போய்விடும், நிமிர்வது கடினம். விழுங்கினால் ஆபத்து, கண்ணில் பட்டால் உடனே நன்னீரில் கழுவ வேண்டும். 15 அல்லது 20 நிமிடங்களுக்கு மேல் இருக்க வேண்டாம்.

வேம்பு

பெண்களுக்காக ஒரு சொல். வெள்ளி மெட்டி, கொலுசு ஆகியவற்றை விடுதியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அந்த நீரிலும் சேற்றிலும் வெள்ளி கறுத்துவிடும். ரப்பர் செருப்புடனேயே நீரில் இறங்குங்கள், அடியில் உப்புக் கட்டிகள் கண்ணாடித் துண்டுபோல் குத்தும். என்கேதியை விட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நஹல் தாவீது ஓடையில் முதல் அருவிவரை அதிகம் ஏறாமல் போகலாம். நம் வரையாட்டை நினைவூட்டும் நூபியக் காட்டாடுகள் பாறை விளிம்பில் நிற்கும். அருகிலுள்ள பழைய தொழுகைக்கூடத்தின் தரையில், ஊரின் இரகசியத்தை வெளியே சொல்பவரைச் சபிக்கும் எழுத்து பதித்திருக்கிறார்கள். அது நறுமணப் பிசின் எடுக்கும் தொழில் இரகசியமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி

வேம்பு அம்மா நல்ல இடத்தை நினைவூட்டினீர்கள். அந்தத் தொழுகைக்கூடத்தில் 1970இல் கிடைத்த கரிந்துபோன சுருள் ஒன்றைத் தொட்டாலே பொடியாகும் என்பதால் 45 ஆண்டுகள் யாரும் விரிக்கவில்லை. பிறகு கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழுவினர் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு கணினியிலேயே அதை விரித்து, விவிலியத்தில் உள்ள லேவியராகமத்தின் தொடக்கப் பகுதி என்று படித்து, 2016இல் வெளியிட்டனர். சுவடியைத் திறக்காமலேயே படிக்கலாம் என்பது நம் ஓலைச்சுவடிகளை நினைத்து வருந்தும் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

செங்காந்தள்

நண்பர்களே, போய்வந்துவிட்டோம். உங்கள் பதில்களை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். கும்ரானை வண்டியிலிருந்தபடியே பார்த்துவிட்டு நேரே மசாதா போனோம். மேலே இரண்டரை மணி நேரம் இருந்தோம். எங்கள் வழிகாட்டியிடம் என்கேதிப் படுகொலையைப் பற்றிக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளியில் தமக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றும், வழிகாட்டிப் படிப்பின்போதுதான் ஜோசபஸை முழுமையாகப் படித்ததாகவும் சொன்னார். அதன்பின் ஒவ்வோர் இடத்திலும் 'இது கல் சொல்வது, இது ஜோசபஸ் சொல்வது' என்று பிரித்தே விளக்கினார். ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு நன்றி.

அம்மா குளியல் இல்லத்தின் நிழலில் அமர்ந்துகொண்டார். சிறகில் செம்மஞ்சள் நிறம் மின்னும் கருப்பு மைனா இனப் பறவை ஒன்று அவர் காலடிவரை வந்து, கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பறவைகளுக்கு உணவு தரக் கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருந்ததால் அம்மா தானும் உண்ணாமல் பையில் வைத்துவிட்டார்.

அப்பா தென்பகுதித் தொட்டிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே குளிர்ச்சி. மேலே உள்ள வாயிலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் மட்டும் விழுந்தது. சுவர்ப்பூச்சை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் சாந்து, நம்ம கோயில் குளத்துப் பூச்சுதான்" என்றார். பிறகு நீர் நின்ற மட்டத்தின் தடத்தைத் தேடிச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த குழு ஏறிப்போய்விட்டது. அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நெய்தல்கரை அவர்களே, திரும்பும் வழியில் ஓட்டுநர் அந்தப் பாறையருகே நிறுத்தினார். நிறுத்த அனுமதி இல்லாத இடம் என்பதால் அப்பா இறங்காமல், சன்னல் வழியாகப் பாறையில் வெட்டிய அடையாளத்தையும் மறுபுறம் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். 30 ஆண்டுகள் அணைகளின் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதியவர். எருசலேம் மலை ஏறும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

வேம்பு அம்மா, நீங்கள் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கொலுசைக் கழற்றினார். மெட்டியை மட்டும் கழற்ற மாட்டேன் என்று அதனுடனேயே ஏன் போகேக்கில் இறங்கினார். 18 நிமிடங்கள் மல்லாந்து மிதந்தார், முழங்கால் வலியே தெரியவில்லை என்றார். மெட்டி கறுத்துவிட்டது. விடுதிக்கு வந்ததும் கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்துத் தேய்த்தார், பாதி வெளுத்தது. மீதிக்கு வேறு ஏதேனும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

வேம்பு

புளியை நீர்விட்டுக் கரைத்து, அதில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். அதன்பின் திருநீறு போட்டால் போய்விடும்.